கோட்டு போடாதது யாரோட தப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டு, திருத்தப்பட்டிருக்கிறது.)

வழக்கமா நாம இங்க வேலை, சம்பளம், சர்வர், ஸ்டார்ட்அப்னு பேசுவோம். இன்னைக்கு கெமிஸ்ட்ரி லேப் பத்திப் பேசப் போறேன். உடனே ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. பிப்பெட், பியூரெட் எல்லாம் ஃபர்ஸ்ட் இயரோட முடிஞ்ச கதைன்னுதான் நானும் நினைச்சிட்டு இருந்தேன்.

முதல்ல என் கதை. தமிழ்நாட்டுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பேர் வேண்டாம். எந்த பிராஞ்சா இருந்தாலும் முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப் உண்டு. அன்னைக்கு, தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜன் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிற சோதனை. அதுல ஒரு படி, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலை 20 மில்லி பிப்பெட்ல எடுக்கணும். ஆரஞ்சு மிட்டாயைக் கரைச்ச தண்ணி மாதிரி பார்க்கவே அழகா இருக்கும். உறிஞ்சுறதுக்கு ஒரு ரப்பர் பல்ப் கொடுக்கணும். எங்க பேட்சுக்கு இருந்ததே ரெண்டு பல்ப். ரெண்டும் ஓட்டை. அதனால வாயால உறிஞ்சினோம். எல்லாரும் அப்படித்தான். நான் கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன், நாக்குல பட்டுடுச்சு.

லேப் அசிஸ்டன்ட் திட்டவும் இல்லை, பதறவும் இல்லை. "வாய் கொப்பளிச்சிட்டு வா தம்பி, ரீடிங் எடு"ன்னார். கொப்பளிச்சேன், ரீடிங் எடுத்தேன், ரெக்கார்டுல கையெழுத்து வாங்கினேன். முடிஞ்சுது.

டைகுரோமேட்ல இருக்கிறது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் அதை வைத்திருக்கிறது. ஒரு சொட்டு நாக்குல பட்டதுல எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா நான் வாய்க்குள்ள இழுத்தது என்னன்னு தெரிஞ்சுக்கவே எனக்குப் பல வருஷம் ஆச்சு. பாட்டில் மேல இருந்த லேபிள்ல ஃபார்முலா மட்டும்தான் எழுதியிருந்தது. எங்களுக்கு லேப் கோட்டு கட்டாயம்தான். எப்போன்னா, பிராக்டிகல் எக்ஸாமுக்கு எக்ஸ்டர்னல் வர்ற அன்னைக்கு.

இதெல்லாம் இப்போ ஏன் ஞாபகம் வந்துச்சுன்னா, என் தோழி ஒருத்தி. கெமிஸ்ட்ரியில பிஎச்டி பண்றா. ஊர், யுனிவர்சிட்டி எதையும் சொல்ல மாட்டேன். சில மாசத்துக்கு முன்னாடி ராத்திரி போன் பண்ணி, "டேய், உங்க ஆபீஸ்ல ஏதாவது உடைஞ்சா ஒரு ரிப்போர்ட் எழுதுவீங்களே, அது எப்படி எழுதுவீங்க?"ன்னு கேட்டா.

எதுக்குன்னு கேட்டேன். அவங்க லேப்ல ஃபியூம் ஹூட் ஓடலை. கெமிக்கல் ஆவியை உறிஞ்சி வெளியில தள்ளுற கண்ணாடிக் கதவு போட்ட அறை மாதிரி இருக்கும்ல, அது. மோட்டார் போய் எட்டு மாசம். இப்போ அதுக்குள்ள அட்டைப்பெட்டியும் பழைய பாட்டிலும் அடுக்கி வச்சிருக்காங்க. இவ தினமும் டைகுளோரோமீத்தேனை லிட்டர் கணக்குல பயன்படுத்துறா, வெளியில மேஜை மேல வச்சு, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு. சாயந்திரமானா தலைவலி. அவளுக்கு மட்டும் இல்லை, லேப்ல ஏழு பேருக்கும்.

அந்தக் கரைப்பானை நீங்க சுவாசிச்சா, அதுல ஒரு பகுதி உடம்புக்குள்ள கார்பன் மோனாக்சைடா மாறும். நாம சாதாரணமா போடுற நைட்ரைல் கையுறையை அது சில நிமிஷத்துல கடந்துடும். 2024-ல அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதோட பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை பண்ணிடுச்சு. லேப்ல பயன்படுத்தலாம், ஆனா கடுமையான பாதுகாப்பு விதிகளோட.

"அப்போ புகார் கொடு"ன்னேன். சிரிச்சா. "என் தீசிஸ்ல கையெழுத்து போடப் போறது யாரு? புகார் மாதிரியே இருக்கக் கூடாது. ஆனா வேலை நடக்கணும். அப்படி ஒண்ணு எழுதிக் கொடு."

அந்த ஒரு மெயிலை எழுதுறதுக்காகப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போதான் ஷெஹர்பானு சாங்ஜி பத்தித் தெரிஞ்சுது. எல்லாரும் ஷெரின்னு கூப்பிடுவாங்க.

ஷெரிக்கு 23 வயது. பாகிஸ்தானில் பிறந்தவர். அமெரிக்காவில் பொமோனா கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டு, அடுத்து சட்டம் படிக்கும் எண்ணத்தோடு இருந்தார். இடையில் கொஞ்ச காலத்துக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, 2008 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், யுசிஎல்ஏ-வில், பேட்ரிக் ஹாரன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

2008 டிசம்பர் 29. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில், பல்கலைக்கழகமே காலியாக இருந்த நாள். ஷெரி ஒரு பாட்டிலில் இருந்து டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்ற திரவத்தை 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சால் எடுத்துக்கொண்டிருந்தார். இது காற்று பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும் பொருள். தீக்குச்சியே வேண்டாம். இதைக் கையாளுவதற்கு முறை இருக்கிறது: நீளமான ஊசி பொருத்திய கண்ணாடி சிரிஞ்ச், அளவு அதிகமானால் சிரிஞ்சே இல்லாமல், இரட்டை முனை ஊசி வழியாக ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு. அன்றைக்கு இருந்தது பிளாஸ்டிக் சிரிஞ்ச். அதன் தண்டு கழன்று வந்துவிட்டது.

திரவம் காற்றில் பட்டுத் தீப்பிடித்தது. பக்கத்தில் திறந்திருந்த ஹெக்சேனும் கொட்டிச் சேர்ந்து எரிந்தது. ஷெரி லேப் கோட்டு போட்டிருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அது உருகி உடம்போடு ஒட்டியது. அவசர ஷவர் சில மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. யாரும் அவரை அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. உடலில் 40 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம். 18 நாள் கழித்து, 2009 ஜனவரி 16-ம் தேதி இறந்துபோனார்.

இதைப் படிச்சதும் என் மனசுல முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? "ஏன்மா, கோட்டு போட்டிருக்கக் கூடாதா?"

உண்மையாச் சொல்றேன், அதுதான் தோணுச்சு. உங்களுக்கும் அதுதான் தோணியிருக்கும். நம்ம மனசு உடனே கடைசியா தொட்ட கையைத்தான் பார்க்கும்.

ஆனா நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம் ஆன பையன் புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழிச்சிட்டான்னு வைங்க. நல்ல டீமா இருந்தா, "ஏன்டா அழிச்சே?"ன்னு நிறுத்த மாட்டாங்க. ரெண்டு மாசப் பையன் கையில அந்த பெர்மிஷன் எப்படி வந்துச்சு? பேக்கப் எங்க? இது மாதிரி முன்னாடி நடந்திருக்கா? அப்போ யாருக்குத் தெரியும், தெரிஞ்சும் என்ன பண்ணாங்க? இதையெல்லாம் தேதி போட்டு எழுதுவோம். போஸ்ட்மார்ட்டம்னு பேரு. நல்லவேளையா எங்க போஸ்ட்மார்ட்டத்துல யாரும் சாகறதில்லை.

ஷெரி வழக்கையும் அப்படிப் பின்னாடி இருந்து பார்க்க ஆரம்பிச்சேன்.

அக்டோபர் 30, 2008. விபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவே அதே ஆய்வகத்துக்கு வந்து சோதனை போட்டிருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட குறைகள் இருப்பதாக எழுதியிருக்கிறது. அதில் ஒன்று: இங்கே வேலை செய்பவர்கள் லேப் கோட்டு போடுவதில்லை.

இன்னொரு தடவை சொல்றேன். கோட்டு போடலைங்கிறது ரெண்டு மாசம் முன்னாடியே பேப்பர்ல இருந்துச்சு. எழுதினவங்களுக்குத் தெரியும். வாங்கினவங்களுக்குத் தெரியும். அப்புறம் டிசம்பர் 29 வந்துச்சு.

கலிஃபோர்னியா மாநிலத்தின் தொழில் பாதுகாப்புத் துறை 2009 மே மாதம் மூன்று கடுமையான மீறல்களைப் பதிவு செய்தது. பயிற்சி கொடுத்ததற்கு ஆவணம் இல்லை. சோதனையில் கண்டுபிடித்த குறைகளைச் சரி செய்யவில்லை. சரியான பாதுகாப்பு உடை அணிவதை உறுதி செய்யவில்லை. அபராதம் 31,875 டாலர். ஷெரி அனுபவமுள்ளவர், பயிற்சி பெற்றவர் என்பதுதான் பேராசிரியர் தரப்பு சொன்னது.

குடும்பம் விடவில்லை. 2011 டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் மீதும் பேராசிரியர் மீதும் குற்ற வழக்கு பதிவானது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வக விபத்துக்காகக் குற்ற வழக்கு வந்தது அதுவே முதல் தடவை. 2012-ல் பல்கலைக்கழகம் பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு ஒப்புக்கொண்டது, ஷெரி பெயரில் சட்டம் படிப்பவர்களுக்கு 5 லட்சம் டாலர் உதவித்தொகை அறிவித்தது. அதன் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 2014-ல் பேராசிரியரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தீக்காய சிகிச்சை மையத்துக்கு 10,000 டாலர், 800 மணி நேரம் சமூக சேவை. சிறை இல்லை. இது போதாது என்று குடும்பம் வெளிப்படையாகவே சொன்னது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அரசாங்கத் துறை ஏன் உள்ள வர முடிஞ்சுது? ஷெரி மாணவி இல்லை. சம்பளம் வாங்குற ஊழியர். தொழில் பாதுகாப்புச் சட்டம் ஊழியர்களுக்கானது. அதே மேஜையில, அதே பாட்டிலோட, சம்பளப் பட்டியல்ல பேர் இல்லாத ஒரு மாணவி நின்னிருந்தா, அந்தச் சட்டத்தோட கண்ணுக்கு அவங்க தெரிஞ்சிருக்க மாட்டாங்க.

இது கற்பனை இல்லை. ஷெரி இறந்து ஒரு வருஷத்துக்குள்ள, 2010 ஜனவரி 7, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். வெடிக்கும் தன்மையுள்ள ஒரு சேர்மத்தை ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் வாய்வழி விதி. இரண்டு மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். 100 மடங்கு. கட்டியை உடைக்கும்போது வெடித்தது. ஒருவர் இடது கையில் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம்.

இங்கேயும் "பசங்களோட திமிரு"ன்னு முடிச்சிடலாம். ஆனா அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அதோட நிறுத்தலை. பல்கலைக்கழக ஆய்வகத்தை அந்த வாரியம் முழுசா விசாரிச்சது அதுதான் முதல் தடவை. அந்த 100 மில்லிகிராம் விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதே குழுவில் முன்னாடியே இது போன்ற சம்பவங்கள் நடந்திருந்தன. அதையும் யாரும் எழுதி வைத்துப் பாடமாக்கவில்லை. பணம் கொடுத்த அமைப்பும் பாதுகாப்பு பத்தி நிபந்தனை எதுவும் போடலை. 2001-ல இருந்து பல்கலைக்கழக ஆய்வகங்கள்ல நடந்த 120 சம்பவங்களைப் பத்தித் தகவல் திரட்டியிருந்ததா அந்த வாரியம் சொல்லுச்சு. டெக்சாஸ்ல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு கூட்டாட்சியோட தொழில் பாதுகாப்புச் சட்டமே பொருந்தாது. மாணவரை விடுங்க, ஊழியருக்கே பொருந்தாது.

"சரிப்பா, விதியை ஒழுங்கா பின்பற்றினா ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்கலாம். கேரன் வெட்டர்ஹான் பின்பற்றினாங்க. டார்ட்மவுத் கல்லூரியில வேதியியல் பேராசிரியர். நச்சு உலோகங்கள் உடம்பை என்ன பண்ணும்ங்கிறதுதான் அவங்க துறையே. 1996 ஆகஸ்ட்டில் ஃபியூம் ஹூடுக்குள், லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு, டைமீத்தைல் மெர்க்குரியைக் கையாண்டார். ஓரிரு சொட்டு கையுறை மேல் விழுந்தது. ஐந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை. 1997 ஜனவரியில் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. ஜூன் 8-ம் தேதி இறந்தார். வயது 48. அப்புறம்தான் அந்தக் கையுறையைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அந்தத் திரவம் லேடெக்ஸைக் கடக்க 15 நொடி போதும்.

கையுறை போடுன்னு சொல்லிட்டோம், அவங்க போட்டாங்க. எந்தக் கையுறைன்னு சோதிச்சுச் சொல்ல வேண்டிய வேலை யாரோடது? நிச்சயமா பாட்டிலைத் திறக்கிறவங்களோடது மட்டும் இல்லை.

நம்ம நாட்டுக்கு வருவோம். டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கோபால்ட்-60 கதிரியக்கப் பொருள் வைத்த ஒரு கருவி 1968-லிருந்து இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 25 வருஷம் ஓர் அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து ஏலம் விட்டுவிட்டார்கள். அது மாயாபுரி பழைய இரும்புக் கடைகளுக்குப் போனது. அங்கே அதைப் பிரித்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒரு தொழிலாளி இறந்துபோனார்.

லேப்ல கால் வைக்காத ஆள். கெமிஸ்ட்ரி புத்தகத்தையே திறக்காத ஆளா இருந்திருக்கலாம். அவரும் கோட்டு போடலைன்னு சொல்லுவோமா?

நம்ம ஊர்ல தொழிற்சாலைக்கு சட்டம் இருக்கு, இன்ஸ்பெக்டர் இருக்கார். ஒரு பட்டறையில மோட்டார் ஓடலைன்னா அங்க வேலை பார்க்கிறவர் போய்ச் சொல்றதுக்கு ஒரு ஆபீஸ் இருக்கு. போவாரா, போனா கேட்பாங்களாங்கிறது வேற கதை. ஆனா இடம் இருக்கு. என் தோழி வாங்குறது சம்பளம் இல்லை, ஃபெல்லோஷிப். அவ ஊழியரும் இல்லை, வகுப்புல உட்கார்ற மாணவியும் இல்லை. அவளோட தலைவலியை எந்த ரெஜிஸ்டர்ல எழுதுறது?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. லேப் விபத்துல நாம எப்பவும் அம்பைத்தான் நோகுறோம்.

இதுல ஒரு ஜாக்கிரதையும் வேணும். "யாரையும் குறை சொல்லாதீங்க, சிஸ்டம்தான் தப்பு"ன்னு எங்க கம்பெனிகள்ல சொல்றதைக் கேட்டிருக்கேன். அது சில நேரம் மேல இருக்கிறவங்க தப்பிக்கிற வழியாவும் ஆயிடும். சிஸ்டம்னா வானத்துல இருந்து விழுந்தது இல்லை. அக்டோபர் 30-ம் தேதி ரிப்போர்ட்டைக் கையில வாங்கினது ஒரு மனுஷர். மோட்டார் ஃபைல்ல கையெழுத்து போடாம வச்சிருக்கிறது ஒரு மனுஷர். கடைசி ஆளைத் திட்டாம இருக்கிறதோட அர்த்தம், முன்னாடி இருந்த ஆட்களைக் கேள்வி கேட்காம இருக்கிறது இல்லை.

சரி, அந்த மெயில். நானும் அவளும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினோம். முதல் டிராஃப்ட்ல அவ கோபம் முழுக்க இருந்துச்சு. படிச்சா எனக்கே பதில் போடத் தோணாது. அதைத் தூக்கிப் போட்டுட்டு, நாங்க இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுற மாதிரியே எழுதினோம். ஹூட் நின்ன தேதி. அதுக்கு அப்புறம் வாய்வார்த்தையா சொன்ன தேதிகள். எந்தக் கரைப்பான், வாரத்துக்கு எத்தனை லிட்டர். எத்தனை பேருக்குத் தலைவலி, எந்த நேரத்துல. என்ன வேணும்: மோட்டார் பழுது பார்க்கணும், அது வரைக்கும் பக்கத்து லேப் ஹூடைப் பயன்படுத்த அனுமதி வேணும். "நீங்க பண்ணலை"ன்னு ஒரு வரி கூட இல்லை. ஆனா தேதிகளை வரிசையாப் படிக்கிற யாருக்கும் புரிஞ்சிடும்.

அனுப்புறதுக்கு முன்னாடி அவ ஒண்ணு பண்ணா, அது என் யோசனை இல்லை. ஏழு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினா. பேர்களை அகர வரிசையில போட்டா, யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியாம இருக்க. ஒருத்தன் மட்டும் மூணு நாள் யோசிச்சான். அவனுக்கு வைவா அடுத்த மாசம். யாரும் அவனை வற்புறுத்தலை. கடைசியில அவனும் போட்டான்.

பதில் வரலை. மூணாவது வாரம் எலக்ட்ரீஷியன் வந்தார். ஹூடுக்குள்ள இருந்த அட்டைப்பெட்டி எல்லாம் வெளியில போச்சு. பக்கத்து லேப் ஹூடுக்கு வாரத்துல மூணு நாள் அனுமதி கிடைச்சுது. மோட்டார்? இன்னும் கொட்டேஷன்லயே இருக்கு. பெரிய வெற்றின்னு சொல்ல மாட்டேன். "இப்போ வாரத்துல நாலு நாள்தான் தலைவலி"ன்னு மெசேஜ் போட்டா. கூடவே சிரிக்கிற எமோஜி. எனக்குச் சிரிப்பு வரலை.

இன்னொண்ணும் ஆரம்பிச்சிருக்காங்க. லேப் கதவுக்குப் பின்னாடி ஒரு நோட்டு தொங்குது. ஏதாவது உடைஞ்சா, கொட்டினா, கை பட்டா, தலை சுத்தினா, தேதி போட்டு ஒரு வரி. பேர் கிடையாது. டெக்சாஸ்ல அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தா அந்தப் பையனோட விரல் மிஞ்சியிருக்குமான்னு யோசிக்கிறேன். தெரியாது. ஆனா தெரியலைன்னு யாரும் சொல்லியிருக்க முடியாது.

கேட்கிறவங்கள்ல லேப்ல இருக்கிறவங்க இருப்பீங்க. தம்பியோ தங்கச்சியோ பிஎச்டி பண்றவங்க இருப்பீங்க. அடுத்த தடவை பேசும்போது "தீசிஸ் எப்போ முடியும்?"னு மட்டும் கேட்காதீங்க. அவங்க அதைத்தான் தினமும் எல்லார்கிட்டயும் கேட்கிறாங்க. "ஹூட் ஓடுதா? ஷவர்ல தண்ணி வருதா? ராத்திரி தனியாவா இருக்கே?"ன்னு கேளுங்க. ஓடலைன்னு சொன்னா, தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க. தனியா கையெழுத்து போட விடாதீங்க.

அந்த லேப் அசிஸ்டன்ட் மேல எனக்கு இப்போ கோபம் இல்லை. ஓட்டை பல்ப் ரெண்டை வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்? புது பல்ப் கேட்டு அவரும் எங்கேயாவது ஒரு லெட்டர் எழுதியிருப்பார். அதுல தேதி போட்டிருந்தாரான்னுதான் கேட்கணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா இருங்க.